ஷிட்சுவின் கண்ணோரச் சிவப்பு உருண்டை: வெட்டி எடுப்பதா, உள்ளே வைத்துத் தைப்பதா?

சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் வளர்க்கும் லட்டு 14 மாத ஷிட்சு, பெண். போன வாரம் வலது கண்ணில் மூக்கை ஒட்டிய ஓரத்தில் பட்டாணி அளவுக்குச் சிவப்பு உருண்டை ஒன்று வெளியே வந்துவிட்டது. விலங்கு மருத்துவர் அதை 'செர்ரி ஐ' என்றும், அதே கண்ணின் கீழ் இமை உள்பக்கம் மடிந்திருக்கிறது என்றும் சொல்லி, இரண்டுக்கும் சேர்த்து அறுவை சிகிச்சை செய்யலாம் என்றிருக்கிறார். சென்னையில் இருக்கும் மாமாவோ, "எங்க நாய்க்குப் பத்து நிமிஷத்துல வெட்டி எடுத்துட்டாங்க, இதுக்குப் போய் இவ்வளவு செலவா?" என்கிறாராம். இதற்கிடையில் அம்மா, தன் கண்புரை அறுவைக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்து மீதம் இருப்பதை லட்டுவுக்கு இரண்டு நாளாக விட்டு வருகிறார். சிவப்பும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவையா, காத்திருந்து பார்க்கலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, முதலில் அந்தச் சொட்டு மருந்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அம்மா பாசத்தில்தான் செய்கிறார். ஆனால் கண்புரை அறுவைக்குப் பிறகு மனிதர்களுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், சிவப்பை அடக்கும். அதனால்தான் கண் தெளிந்ததுபோல உங்களுக்குத் தெரிகிறது. ஆனால் கருவிழிப் படலத்தில், அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும் படலத்தில், சின்னக் கீறல் இருந்தாலும் ஸ்டீராய்டு அதை ஆறவிடாது. கிருமி புகுந்தால் எதிர்த்து நிற்கும் சக்தியையும் குறைத்துவிடும். நாயின் கருவிழிப் படலம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன்தான். மேலோட்டமான ஒரு கீறல் ஒன்றிரண்டு நாளில் அதைத் துளைத்துக்கொண்டு போக முடியும். லட்டுவுக்கு இமை வேறு உள்ளே மடிந்திருக்கிறது. அந்த இமையின் மயிர் உரசி உரசிப் புண் ஏற்பட எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

நாளைக் காலையிலேயே மருத்துவரைக் கூப்பிட்டு, என்ன மருந்து விட்டீர்கள், எத்தனை முறை விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டமாட்டார்கள். நான் இங்கே விலங்கு மருந்தகங்களில் செவிலியராக வேலை செய்பவள். வீட்டில் எதையாவது ஊற்றிவிட்டு வருவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். விளக்கெண்ணெய், தாய்ப்பால், மஞ்சள் தண்ணீர், ஆறின தேநீர் என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் விடுவதுதான் மருத்துவரைத் தவறான பாதையில் கொண்டுபோகும்.

மருத்துவர் கண்ணில் சாயம் போட்டுப் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடாவிட்டால் இந்த முறை கேட்டு வாங்குங்கள். ஃபுளோரசின் என்று ஒரு சாயம். சின்னக் காகிதப் பட்டையின் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் காய்ந்திருக்கும். அதை உப்புநீரில் நனைத்து, கண்ணின் வெள்ளைப் பகுதியில் மெல்லத் தொட்டு எடுப்பார்கள். பிறகு உப்புநீரால் கழுவிவிட்டு, அறை விளக்கை அணைத்து நீல ஒளி அடித்துப் பார்ப்பார்கள். கருவிழியின் மேல்தோல் முழுசாக இருந்தால் சாயம் நிற்காது, வழிந்துபோய்விடும். மேல்தோல் உரிந்த இடத்தில் அடிப்படலம் சாயத்தை உறிஞ்சிக்கொண்டு பளீரென்று பச்சையாக மின்னும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சுற்றிலும் பச்சை வளையமாகவும் நடுவில் மட்டும் சாயம் ஏறாமல் இருண்டும் தெரிந்தால், நடு ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. புண் கடைசிச் சவ்வு வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சவ்வு சாயம் ஏற்காது. அப்படி இருந்தால் அன்றே அறுவைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

சாயத்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை இன்னொன்று இருக்கிறது. உங்கள் முடிவுக்கு அதுதான் மிக முக்கியம்: ஷெர்மர் கண்ணீர்ச் சோதனை. அளவுகோடு அச்சிட்ட மெல்லிய காகிதப் பட்டையின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி, சரியாக ஒரு நிமிடம் வைத்திருப்பார்கள். கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஊறி ஏறுகிறது என்பதுதான் கணக்கு. 15க்கு மேல் வந்தால் நல்லது. 10க்குக் கீழே போனால் கண் உலர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். 5க்குக் கீழ் என்றால் கடுமையான உலர்வு. வேறு எந்தச் சொட்டும் விடும் முன்பே இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பிவிடும். இரண்டு கண்ணுக்கும் செய்யச் சொல்லி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இனி அந்த உருண்டைக்கு வருவோம். நாய்க்கு நம்மைப்போல மேலிமை, கீழிமை இரண்டோடு நிற்காது. மூக்கோரத்தில் மூன்றாவதாக ஓர் இமை மறைந்திருக்கும். அதற்குள் 'டி' எழுத்து வடிவத்தில் ஒரு குருத்தெலும்பு, அதன் அடியில் கண்ணீர் சுரக்கும் சுரப்பி. அந்தச் சுரப்பியை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் தசைநார் பிறவியிலேயே பலமில்லாமல் இருந்தால், ஒருநாள் அது புரண்டு வெளியே வந்து சிவப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வரும். ஷிட்சு, லாசா ஆப்சோ, பீக்கிங்கீஸ், காக்கர் ஸ்பானியல், பீகிள், புல்டாக் வகைகளில் அதிகம். ஒரு கண்ணில் வந்தால் மறு கண்ணிலும் வர வாய்ப்பு உண்டு. அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆக, அந்தச் சிவப்பு உருண்டை கட்டி இல்லை, சதை வளர்ச்சியும் இல்லை. அது லட்டுவுக்கு வேண்டிய உறுப்பு, இடம் மாறி நிற்கிறது, அவ்வளவுதான். கண்ணீரின் நீர்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அந்தச் சுரப்பிதான் தருகிறது. மாமா சொன்னதுபோல் பத்து நிமிடத்தில் வெட்டி எடுத்துவிடலாம், உண்மைதான். ஒரு காலத்தில் உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். வெட்டியபின் கண் பார்க்க அழகாக இருக்கும், வீட்டாருக்கும் நிம்மதி. ஆனால் வெட்டப்பட்ட நாய்கள் பலவற்றுக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கண் உலர ஆரம்பித்தது. அப்போது அது இந்த வெட்டினால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது. ஷிட்சு வகைக்கு வெட்டாமலே கண் உலர்வு வரும் இயல்பு உண்டு. இருக்கிற ஊற்றில் ஒன்றையும் வெட்டி எறிந்துவிட்டால் பிறகு ஆயுள் முழுக்க, கண்ணீரைச் சுரக்கவைக்கும் சைக்ளோஸ்போரின் களிம்போ டாக்ரோலிமஸ் சொட்டோ நாள்தோறும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிவரலாம். மாமாவின் நாய் நன்றாகவே இருக்கலாம். அதைப் பார்த்து லட்டுவுக்கு முடிவெடுக்காதீர்கள். அந்த நாய்க்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணீர்ச் சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது பரவலாகச் செய்வது, பை தைத்து சுரப்பியை உள்ளே வைக்கும் முறை. 1993இல் மார்கனும் அவர் குழுவினரும் விவரித்தது என்பதால் மருத்துவர்கள் இதை மார்கன் முறை என்பார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்குப் பயம் குறையும். மூன்றாம் இமையை மெல்ல வெளியே இழுத்து, அதன் உள்பக்கத்தில், உருண்டைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வளைந்த கீறல் போடுவார்கள். சுரப்பியை உள்ளே அழுத்திவிட்டு, இரண்டு கீறல்களின் வெளி விளிம்புகளையும் அதன் மேலே இழுத்துச் சேர்த்துத் தலைமயிர்போல மெல்லிய, தானே கரையும் நூலால் தைப்பார்கள். இரண்டு முனைகளிலும் சிறிது இடைவெளி விடுவார்கள். முழுக்க மூடிவிட்டால் சுரக்கும் கண்ணீர் வெளியேற வழியில்லாமல் நீர்க்கட்டியாகத் தேங்கும். முடிச்சை இமையின் வெளிப்பக்கத்தில் போடுவார்கள். உள்பக்கம் இருந்தால் அந்தக் குட்டி முடிச்சே கருவிழியை ராவிப் புண்ணாக்கிவிடும். நல்ல கை பார்க்கிறதா என்பது இந்த இரண்டு இடத்தில்தான் தெரியும். வேறொரு முறையில், சுரப்பியைக் கண்குழி எலும்பின் விளிம்போடு நூலால் கட்டிவைப்பார்கள். இரண்டுமே நல்ல முறைகள்தான். மருத்துவருக்கு எது கைவந்ததோ அதையே அவர் செய்யட்டும்.

திரும்ப வெளியே வருமா என்று கேட்பீர்கள். சிலவற்றில் வரும். புல்டாக், மாஸ்டிஃப் போன்றவற்றில் கூடுதலாக, ஷிட்சுவில் குறைவாக. வந்தால் மறுபடி உள்ளே வைத்துத் தைக்கலாம். அப்போதும் வெட்டாதீர்கள். சுரப்பி நீண்ட நாள் வெளியே காய்ந்து கிடந்தால் வீங்கித் தடித்து, உள்ளே வைப்பது கடினமாகிறது. புண் எதுவும் இல்லாவிட்டால் லட்டுவுக்கு இது நடுராத்திரி அவசரம் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடும் விஷயமும் இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்குள் நாள் குறித்துவிடுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: எட்டு, பத்து வயது நாய்க்கு முதன்முறையாக இதே இடத்தில் உருண்டை வந்தால் செர்ரி ஐ என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அந்த வயதில் அது புற்றாகவும் இருக்கலாம். சதைத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

இனி அந்த மடிந்த இமை. இதற்கு என்ட்ரோபியன் என்று பெயர். கண்ணைக் காக்க வேண்டிய இமையே மயிரோடு உள்ளே சுருண்டு கருவிழியை நாளெல்லாம் உரசுகிறது. வேலியே பயிரை மேய்கிற நிலைமை. நாய் கண்ணைச் சுருக்கும், நீர் வழியும், முன்காலால் தேய்க்கும். ஷார் பே, சௌ சௌ, ராட்வைலர், லாப்ரடார் வகைகளில் இமையின் பெரும்பகுதி மடியலாம். ஷிட்சு, பக், பீக்கிங்கீஸ் வகைகளில் கீழ் இமையின் மூக்கோரப் பகுதி மட்டும் மடிவதுதான் வழக்கம். அது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கண்ணோரத்தில் எப்போதும் ஈரமும் பழுப்புக் கறையும் இருக்கும். வீட்டார் அதைக் 'கண்ணீர்க்கறை' என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். பல ஆண்டு உரசலில் கருவிழி மேல் பழுப்பு நிறம் படர்ந்து பார்வையை மறைக்க ஆரம்பித்த பிறகுதான் கொண்டுவருவார்கள். படர்ந்த நிறத்தை முழுசாகத் திரும்ப எடுக்க முடியாது. பக் நாய்களில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கேட்பதில்லை, இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று.

இங்கே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கண் வலித்தாலே நாய் இமையை இறுக்கிச் சுருக்கும். அந்த இறுக்கத்திலேயே இமை உள்ளே மடிந்துகொள்ளும். அது பிறவி மடிப்பா, வலியால் வந்த மடிப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு ஒன்றை விட்டுச் சில நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். வலி அடங்கியதும் இமை நேராகிவிட்டால், செர்ரி ஐயையோ புண்ணையோ சரிசெய்தாலே இமையும் சரியாகக்கூடும். சொட்டு விட்ட பிறகும் மடிந்தே இருந்தால்தான் இமைக்கு அறுவை. எவ்வளவு தோல் எடுக்க வேண்டும் என்பதையும் நாய் விழித்திருக்கும்போதே இந்த நிலையில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மயக்கத்தில் கண் உள்வாங்கி, முகத் தசை தளர்ந்துவிட்டால் அளவு மாறிப்போகும்.

அறுவை முறைக்கு ஹாட்ஸ்-செல்சஸ் என்று பெயர். இமை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, விளிம்புக்கு இணையாக, பிறை வடிவத்தில் ஒரு தோல் துண்டை எடுத்துவிட்டுத் தைப்பது. தோல் இழுபடும்போது உள்ளே சுருண்ட விளிம்பு வெளியே திரும்பி நேராக நிற்கும். தையலை நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் போவார்கள், பிறை ஒருபக்கம் கோணிவிடக் கூடாது என்பதற்காக. நூல் முனைகள் கண்ணைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அனுபவமுள்ள மருத்துவர் கொஞ்சம் குறைவாகவே எடுப்பார். குறைவாக எடுத்திருந்தால் பின்னால் இன்னும் சிறிது எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக எடுத்துவிட்டால் இமை வெளிப்பக்கம் தொங்கி, கண் மூடாமல் காய ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு. "இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கலாம்" என்று மருத்துவர் முன்கூட்டியே சொன்னால் அவர் மேல் நம்பிக்கை வையுங்கள். லட்டுவுக்கு 14 மாதம், முகம் வளர்ந்து முடிந்திருக்கும். அதனால் நிரந்தர அறுவை செய்யலாம். குட்டியாக இருந்தால் தோலை எடுக்காமல் இமையைத் தற்காலிகத் தையலில் இழுத்துப் பிடித்துவைத்து, முகம் வளரும்வரை காத்திருப்பார்கள்.

ஷிட்சு போன்ற தட்டை முக நாய்களுக்குக் கண் திறப்பு அளவுக்கு மீறி அகலம். தூங்கும்போதுகூடச் சிலதுக்குக் கண் முழுசாக மூடாது. அப்படிப்பட்டவற்றுக்கு மூக்கோரத்தில் இமைகளைச் சேர்த்துத் தைத்துத் திறப்பைக் குறுக்கும் அறுவை ஒன்றும் உண்டு. மூக்கோர மடிப்பும் மயிர் உரசலும் அதிலேயே சேர்ந்து சரியாகும். லட்டுவுக்கு இது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் தேவைப்படாது.

இமையில் வேறு கோளாறுகளும் உண்டு. இமை வெளியே தொங்குவது எக்ட்ரோபியன். பாசெட் ஹவுண்ட், காக்கர் வகைகளில் வரும். கண் அடிக்கடி புண்ணாகாவிட்டால் அதை அப்படியே விட்டுவிடலாம். இமை விளிம்பில் வரிசை மாறி மயிர் முளைப்பது பல நாய்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் மேலிமையின் உள்சவ்வைத் துளைத்துக்கொண்டு ஒரே ஒரு மயிர் நேராகக் கருவிழியைப் பார்த்து முளைத்தால், அது ஊசி குத்துவது போன்ற வலி. இளம் நாய்க்கு எத்தனை மருந்து போட்டாலும் ஒரே இடத்தில் புண் ஆறாமல் இருந்தால் மேலிமையைப் புரட்டி, உருப்பெருக்கியில் அந்த மயிரைத் தேட வேண்டும். அதை வேரோடு எடுத்தால் சில நாளிலேயே கண் தெளியும். வயதான நாய்களின் இமை விளிம்பில் மரு மாதிரி வருவது பெரும்பாலும் எண்ணெய்ச் சுரப்பியின் சாதாரணக் கட்டி. சின்னதாக இருக்கும்போதே முக்கோணமாக எடுத்துத் தைத்துவிட்டால் வேலை சுலபம். இமை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவவிட்டால் பக்கத்துத் தோலைத் திருப்பி இமையையே புதிதாகக் கட்ட வேண்டிவரும்.

எது ஒரு ராத்திரிகூடக் காத்திருக்காது என்பதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைத் திறக்கவே முடியாமல் இறுக்கி மூடிக்கொள்வது. கருவிழி சட்டென்று நீலம் பாய்ந்து மங்குவது. கருவிழியில் பள்ளமோ, கூழ்போல வழுவழுப்போ தெரிவது. கண் பெருத்துக் கல்லாக இறுகுவது. இது கண் அழுத்த நோயாக இருக்கலாம், அதில் சில மணி நேரத்தாமதமே பார்வையைப் பறிக்கும். பூனை நகம் பட்டது. வீவக அடித்தளத்தில் திரியும் பூனையிடம் மூக்கை நீட்டும் குட்டி நாய்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஓட்டை வெளியே ஊசிமுனை அளவில் இருக்கும், உள்ளே லென்ஸ் வரை கிழிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விழி குழியை விட்டு வெளியே வந்துவிடுவது. ஷிட்சுவுக்கும் பக்குக்கும் கண்குழி ஆழமே இல்லாததால், பெரிய நாய் கடித்து உலுக்கினாலோ, கழுத்துத்தோலைப் பிடித்து இறுக்கினாலோ இப்படி நடக்கும். உள்ளே தள்ள முயலாதீர்கள். கான்டாக்ட் லென்ஸுக்கான வெறும் உப்புநீரில் சுத்தமான துணியை நனைத்துக் கண் மேல் வைத்து, காய விடாமல் நனைத்துக்கொண்டே 24 மணி நேர விலங்கு மருந்தகத்துக்கு ஓடுங்கள். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணியை ஏற்ற மாட்டார்கள். செல்லப்பிராணியை ஏற்றும் கிராப்பெட் வாடகைக் கார் கிடைக்க நேரமாகலாம். கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரின் எண்ணும், இரவு மருந்தகத்தின் எண்ணும் இப்போதே கைத்தொலைபேசியில் இருக்கட்டும்.

மயக்க மருந்தைப் பற்றி அம்மாவுக்குக் கவலை இருக்கும், இருக்க வேண்டியதுதான். தட்டை முக நாய்களுக்கு மூச்சுக்குழாய் குறுகல், அண்ணம் நீளம். மயக்கத்தைவிட, மயக்கம் தெளியும் நேரம்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. மூச்சுக்குழாயில் வைத்த குழாயை நாய் நன்றாக விழித்துத் தலைதூக்கும்வரை எடுக்கக் கூடாது. அதனால் மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "தெளியும்வரை பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். முன்கூட்டி ரத்தப் பரிசோதனை உண்டா, மயக்கத்தில் ஆக்சிஜன் அளவும் ரத்த அழுத்தமும் கண்காணிப்பார்களா என்றும் கேளுங்கள். முதல்நாள் இரவு எத்தனை மணிக்கு உணவை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். "பாவம், பசிக்கும்" என்று பாட்டி ஒரு துண்டு இட்லி கொடுத்துவிட்டால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம்.

செலவு இடத்துக்கு இடம் வெகுவாக மாறும். அதனால் தொகை சொல்லமாட்டேன். எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். அதில் ரத்தப் பரிசோதனை, மயக்கம், மருந்து, கண்ணைத் தேய்க்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு, தையல் பிரிக்க வரும் சந்திப்பு, 9 விழுக்காடு பொருள் சேவை வரி எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுரப்பி மீண்டும் வெளியே வந்தால் கட்டணம் எப்படி என்றும் கேட்டு வையுங்கள். இரண்டு வேலையையும் ஒரே மயக்கத்தில் முடிப்பது லட்டுவுக்கும் நல்லது, உங்களுக்கும் மிச்சம். காப்புறுதி வைத்திருந்தால் பிறவிக் கோளாறுகளுக்கு விலக்கு போட்டிருக்கிறார்களா என்று வாசியுங்கள், பல திட்டங்களில் இருக்கும். ஜோகூரில் மலிவாகச் செய்துவிட்டு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சிங்கப்பூர் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு. இங்கிருந்து போன நாயாக இருந்தாலும் மலேசியாவிலிருந்து திரும்பி வர இறக்குமதி அனுமதி, தடுப்பூசி, தனிமைப்படுத்தல் விதிகள் எல்லாம் பொருந்தும். காரில் ஒளித்துக் கொண்டுவருவது குற்றம்.

அறுவைக்குப் பிறகு வரும் இரண்டு வாரம் உங்கள் கையில் இருக்கிறது. கூம்பைக் கழற்றாதீர்கள். சாப்பிடும்போது, தூங்கும்போது, "அஞ்சு நிமிஷம்தானே" என்று எப்போதும் கழற்றாதீர்கள். தையல் பிய்ந்து திரும்பி வரும் நாய்களில் பல, கூம்பு கழற்றின அந்த ஐந்து நிமிடத்தில்தான் பிய்த்துக்கொண்டிருக்கும். இமை முதல் சில நாள் வீங்கி, பார்க்க மோசமாகத்தான் இருக்கும். வீக்கம் வடிந்தால்தான் இமையின் உண்மையான நிலை தெரியும். இமைத் தோலில் போட்ட தையலை 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். மூன்றாம் இமையில் போட்டது தானே கரையும்.

சொட்டு விடுவதை முன்னால் நின்று முகத்துக்கு நேராகச் செய்தால் எந்த நாயும் மிரளும். லட்டுவை மேசை மேலோ உங்கள் மடியிலோ, முதுகு உங்கள் வயிற்றில் சாயும்படி உட்கார வையுங்கள். இடது கையால் தாடையைத் தாங்கி மூக்கைச் சற்று மேலே தூக்குங்கள். மருந்து பிடித்த கையின் அடிப்பகுதியை அதன் நெற்றியில் ஊன்றி, மேலிமையை லேசாக மேலே இழுத்துப் பின்பக்கமிருந்து ஒரு சொட்டு. கை நெற்றியில் ஊன்றியிருந்தால் அது தலையை ஆட்டினாலும் புட்டி முனை கண்ணைக் குத்தாது. இரண்டு மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விடுங்கள். களிம்பு இருந்தால் அது கடைசி. முடிந்ததும் ஏதாவது தின்னக் கொடுங்கள், அடுத்த முறை அதுவே வந்து உட்காரும். நடைக்குக் கூட்டிப்போகும்போது கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப் பட்டை போடுங்கள். கழுத்தை இழுத்தால் கண் அழுத்தம் ஏறும். கீழே புல்வெளியில் மூக்கைப் புதைத்து மோப்பம் பிடிக்க விடாதீர்கள். புகைமூட்ட நாள்களில் வெளியே போவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். மயிர் வெட்டும் கடைக்குத் தையல் பிரித்து, மருத்துவர் சரி சொன்ன பிறகுதான்.

பிரித்தபின் ஒரு மாதம் கழித்து ஷெர்மர் சோதனையை மறுபடி செய்து, முதலில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, தடுப்பூசி போடப் போகும்போதே. கண்ணில் பச்சையும் மஞ்சளுமாகப் பிசுபிசுப்பு ஒட்ட ஆரம்பித்தால் 'கிருமி' என்று கிருமிக்கொல்லிச் சொட்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஷிட்சுவில் அது பெரும்பாலும் கண் உலர்வின் முதல் அடையாளம்.

லட்டுவுக்குக் கருத்தடை ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகாவிட்டால் அதையும் இதே மயக்கத்தில் சேர்த்துச் செய்ய முடியுமா, தனியாகத்தான் செய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மயக்க நேரம் நீளும் என்பதால் சிலர் தனியாகச் செய்வதையே விரும்புவார்கள். எப்படியானாலும் லட்டுவைக் குட்டி போட விடாதீர்கள். செர்ரி ஐயும் மடிந்த இமையும் வம்சத்தில் வருபவை. நாம் தைத்தது இமையை மட்டும்தான், குட்டிகளுக்குப் போவது அப்படியே இருக்கிறது. ஷெர்மர் எண்ணும் சாயச் சோதனை முடிவும் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.